கல்லுக்குள் தங்கிய எண்ணெய்

(தொடர் கல்வி மையக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜினுக்கு டீசல் வேண்டும். பேருந்துக்கும் லாரிக்கும் டீசல் வேண்டும். இருசக்கர வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும். இவை எல்லாம் கச்சா எண்ணெயில் இருந்து கிடைக்கின்றன. கச்சா எண்ணெய் பூமிக்கு அடியில் இருந்து கிடைக்கிறது.

நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறோம். அதற்கு டாலரில் பணம் கொடுக்கிறோம். எங்கோ ஒரு நாட்டில் சண்டை வந்தால் எண்ணெய் விலை ஏறுகிறது. லாரி வாடகை ஏறுகிறது. கடைசியில் காய்கறி விலையும் ஏறுகிறது.

ஆனால் நம் நாட்டிலும் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. அசாமில் இருக்கின்றன. குஜராத்தில் இருக்கின்றன. ராஜஸ்தானில் இருக்கின்றன. மும்பைக்கு மேற்கே கடலுக்குள் இருக்கின்றன. இவற்றில் பல கிணறுகள் பழையவை. அவற்றில் இருந்து இன்னும் எண்ணெய் எடுக்க முடியுமா? முடியும் என்றால் எந்த வழி நல்லது? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

எண்ணெய் எங்கே இருக்கிறது?

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி போலத் தேங்கி நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எண்ணெய் பாறைக்குள் இருக்கிறது.

பாறைக்குள் எப்படி இருக்கும்? ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். நன்றாகக் காய்ந்த செங்கல் ஒன்றை எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அந்தத் துளைகளில் தண்ணீர் புகுகிறது. பிறகு செங்கல்லை வெளியே எடுங்கள். முன்பைவிடக் கனமாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் சொட்டும். மீதித் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். செங்கல்லை யாராவது பிழிய முடியுமா?

எண்ணெய்ப் பாறையும் அப்படித்தான். மணல் இறுகிப் பாறையானது. மணலுக்கும் மணலுக்கும் நடுவில் சிறு துளைகள். அந்தத் துளைகளில் எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றும் இருக்கின்றன. பூமிக்கு மேலே இருந்து துளை போட்டு அந்தப் பாறையைத் தொடுகிறார்கள். இதுதான் எண்ணெய்க் கிணறு.

இந்தியாவில் எண்ணெய் எடுத்த பழைய இடம் அசாமில் உள்ள டிக்பாய். அங்கே 1889ஆம் ஆண்டு கிணறு தோண்டத் தொடங்கினார்கள். 1901ஆம் ஆண்டு அங்கே சுத்திகரிப்பு ஆலை அமைந்தது. அது இன்றும் நடக்கிறது.

முதல் கட்டம்: தானாக வருவது

சோடா பாட்டிலைத் திறந்தால் என்ன ஆகும்? புஸ் என்று பொங்கி வரும். உள்ளே அழுத்தம் இருப்பதுதான் காரணம். புதிய எண்ணெய்க் கிணறும் அப்படித்தான். பூமியின் அழுத்தம் எண்ணெயை மேலே தள்ளும்.

நாள் ஆக ஆக அழுத்தம் குறையும். பிறகு பம்பு வைத்து இறைக்க வேண்டும். இந்த முதல் கட்டத்தில் எவ்வளவு எண்ணெய் கிடைக்கும்? பாறையில் 100 குடம் எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல இடங்களில் 10 குடம் அல்லது 15 குடம்தான் கிடைக்கும். மீதி கல்லுக்குள்ளேயே நிற்கும்.

இரண்டாம் கட்டம்: தண்ணீர் விட்டுத் தள்ளுவது

அடுத்து என்ன செய்கிறார்கள்? சில கிணறுகள் வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்துகிறார்கள். தண்ணீர் பாறைக்குள் போய் எண்ணெயைத் தள்ளும். அடுத்த கிணற்றில் எண்ணெய் வந்து சேரும்.

மும்பைக்கு மேற்கே கடலுக்குள் 1974ஆம் ஆண்டு எண்ணெய் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்துக்கு மும்பை ஹை என்று பெயர். ஓ.என்.ஜி.சி. என்ற அரசு நிறுவனம் அங்கே எண்ணெய் எடுக்கிறது. கடல் தண்ணீரை வடிகட்டிச் சுத்தம் செய்து பாறைக்குள் செலுத்துகிறார்கள். 1980களில் மும்பை ஹை ஒரே நாளில் 4 லட்சம் பீப்பாய்க்கு மேல் கொடுத்தது. ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். 2024ஆம் ஆண்டில் இது ஒரு நாளைக்கு 1 லட்சத்து 34 ஆயிரம் பீப்பாய் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. கிணற்றுக்கும் வயது உண்டு.

தண்ணீர் செலுத்திய பிறகு 100 குடத்தில் 30 முதல் 40 குடம் வரை கிடைக்கலாம். உலகம் முழுவதும் கணக்குப் பார்த்தால் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. மீதி இரண்டு பங்கு பூமிக்குள்ளேயே இருக்கிறது.

தண்ணீர் ஏன் எல்லாவற்றையும் தள்ளுவதில்லை?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், உழவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. வாய்க்காலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். வரப்பு ஒரு இடத்தில் உடைந்தால் என்ன ஆகும்? எல்லாத் தண்ணீரும் அந்த வழியாகவே ஓடும். மேட்டுப் பகுதி காய்ந்து கிடக்கும். பாறைக்குள்ளும் அப்படியே நடக்கிறது. தண்ணீர் லேசானது. எண்ணெய் கெட்டியானது. தண்ணீர் சுலபமான வழியைப் பிடித்து எண்ணெயை முந்திக்கொண்டு ஓடிவிடும். பிறகு கிணற்றில் தண்ணீர்தான் அதிகம் வரும். பழைய கிணறுகளில் 100 குடம் இறைத்தால் 80, 90 குடம் தண்ணீராகவே வருவது உண்டு.

இரண்டாவது காரணம், சமையல் செய்கிறவர்களுக்குத் தெரியும். எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்குப் போகாது. பாறைத் துளைகளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெறும் தண்ணீர் பட்டால் அது நகராது.

ஆகவே மூன்றாம் கட்டம் தேவைப்படுகிறது. இதில் நான்கு முக்கிய வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: தண்ணீரைக் கெட்டியாக்குவது

வெறும் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடுகிறது. அதைக் கஞ்சி போலக் கொஞ்சம் கெட்டியாக்கினால்? அது மெல்ல நகரும். எல்லாப் பக்கமும் பரவும். எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டு போகும்.

இதற்குப் பாலிமர் என்ற தூளைத் தண்ணீரில் கலக்கிறார்கள். கழிவுநீரில் கலங்கலைப் படிய வைக்க ஆலைகளில் பயன்படுத்தும் பொருளுக்கு இது உறவு.

ராஜஸ்தானில் பார்மர் மாவட்டம் இருக்கிறது. பாலைவனப் பகுதி. அங்கே 2004ஆம் ஆண்டு மங்களா என்ற எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தார்கள். 2009ஆம் ஆண்டு எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். சூடு ஆறினால் உறைந்துவிடும். அதனால் அதைக் குஜராத் கடற்கரை வரை கொண்டு போகும் குழாயை வழி முழுவதும் சூடாக வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயின் நீளம் சுமார் 670 கிலோமீட்டர்.

மங்களாவில் முதலில் தண்ணீர் விட்டார்கள். பிறகு சிறு இடத்தில் பாலிமரைச் சோதித்தார்கள். பலன் தெரிந்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வயல் முழுவதும் பாலிமர் செலுத்தத் தொடங்கினார்கள். உலகத்தில் நடக்கும் பெரிய பாலிமர் வேலைகளில் இதுவும் ஒன்று.

பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீர் எங்கே கிடைக்கும்? குடிக்க முடியாத உப்புத் தண்ணீர் அங்கே நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இது கவனிக்க வேண்டிய விஷயம். ஊர் மக்கள் குடிக்கும் தண்ணீரை எண்ணெய்க்குச் செலவிட்டால் அது நியாயம் ஆகாது.

பாலிமரின் குறை என்ன? பாறையில் சூடு மிக அதிகமானால் அது சிதைந்துவிடும். உப்பு மிக அதிகமானால் கெட்டித்தன்மை குறையும். பம்பு வேகமாக அடித்தால் அறுந்துவிடும். மேலே வந்த எண்ணெயையும் தண்ணீரையும் பிரிப்பதும் கடினமாகும். இந்த வழியில் 100 குடத்துக்கு 5 முதல் 15 குடம் வரை கூடுதலாக எதிர்பார்க்கலாம்.

இரண்டாம் வழி: சோப்புப் போட்டுக் கழுவுவது

எண்ணெய்ச் சட்டிக்குச் சோப்புப் போடுகிறோம் அல்லவா? பாறைக்கும் அப்படிச் செய்யலாம். சோப்புப் போன்ற மருந்தும், சோடாக் காரமும், பாலிமரும் சேர்த்துச் செலுத்துகிறார்கள். சோப்பு எண்ணெயைத் துளையில் இருந்து விடுவிக்கும். பாலிமர் அதைத் தள்ளிக்கொண்டு வரும்.

குஜராத்தில் விராஜ் என்ற வயலில் ஓ.என்.ஜி.சி. 2002ஆம் ஆண்டு இதைச் சோதித்தது. மங்களாவிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நான்கு வழிகளில் மீதி எண்ணெயை நன்றாகக் கழுவி எடுக்கக்கூடியது இது. ஆனால் செலவு அதிகம். மருந்தின் ஒரு பங்கு பாறையிலேயே ஒட்டிக்கொள்கிறது. காரம் சேர்வதால் கிணற்றிலும் பம்பிலும் உப்புப் படிகிறது. வீட்டு அண்டாவில் உப்பு அடை பிடிப்பது போலத்தான். அதைச் சுரண்டி எடுக்க வேலையை நிறுத்த வேண்டும். எண்ணெய் விலை இறங்கினால் இந்த வழி கட்டுபடியாகாது.

மூன்றாம் வழி: சூடாக்குவது

குளிர் காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். வெயிலில் வைத்தால் உருகும். கெட்டியான கச்சா எண்ணெயையும் சூடாக்கினால் இளகும். இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள்.

ஒன்று, நீராவி. மேலே கொதிகலன் வைத்து நீராவி தயாரித்துக் கிணற்றுக்குள் செலுத்துவது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கெர்ன் ரிவர் என்ற இடம் உண்டு. 1899ஆம் ஆண்டு அங்கே எண்ணெய் கண்டார்கள். 1960களில் நீராவி விடத் தொடங்கினார்கள். பழைய வயல் மீண்டும் பெரிதாக உயிர் பெற்றது. நம் நாட்டில் ராஜஸ்தானில் பாகேவாலா என்ற இடத்தில் ஆயில் இந்தியா நிறுவனம் நீராவி முறையைப் பயன்படுத்துகிறது.

நீராவிக்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதைக் கொதிக்க வைக்க எரிபொருள் வேண்டும். கிணறு ஆழமானால் போகும் வழியிலேயே சூடு ஆறிவிடும். ஆகவே ஆழம் குறைந்த இடங்களுக்கே இது ஏற்றது.

மற்றொன்று, நெருப்பு. ஆம், பாறைக்குள்ளேயே நெருப்பு வைப்பது! குஜராத்தில் மெகசானா பகுதியில் பலோல், சந்தால் என்ற வயல்கள் இருக்கின்றன. அங்கே எண்ணெய் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பலோல் எண்ணெய் தண்ணீரைவிட 100 மடங்குக்கு மேல் கெட்டியானது. கூழைக் குழாயில் உறிஞ்சுவது போன்ற வேலை. பக்கத்தில் இருந்த நிலத்தடி நீர் முந்திக்கொண்டு வந்தது. எண்ணெய் பின்தங்கியது.

ஓ.என்.ஜி.சி. பொறியாளர்கள் 1990ஆம் ஆண்டு பலோலில் சிறு அளவில் சோதனை தொடங்கினார்கள். பாறைக்குள் எண்ணெயைப் பற்ற வைத்தார்கள். பெரிய இயந்திரங்களால் காற்றைத் தொடர்ந்து உள்ளே செலுத்தினார்கள். எண்ணெயில் கசடான ஒரு பங்கு எரிகிறது. அந்தச் சூட்டில் முன்னால் இருக்கும் எண்ணெய் இளகுகிறது. இளகிய எண்ணெய் கிணற்றை நோக்கி நகர்கிறது. சோதனை பலன் தந்தது. 1997ஆம் ஆண்டு பெரிய அளவில் தொடங்கினார்கள். கிடைக்கும் எண்ணெயின் பங்கு இரண்டு, மூன்று மடங்காகும் என்று கணக்கிட்டார்கள்.

இதன் வசதி என்ன? காற்று எங்கும் கிடைக்கும். நல்ல தண்ணீர் செலவாகாது. இதன் ஆபத்து என்ன? எண்ணெயும் காற்றும் தவறான இடத்தில் சேர்ந்தால் வெடிக்கும். எரிந்த புகை கிணறு வழியாக மேலே வரும். அதில் விஷ வாயுவும் இருக்கும். குழாய்கள் அரிக்கும். பூமிக்குள் நெருப்பு எந்தப் பக்கம் போகிறது என்று தினமும் கணக்குப் பார்க்க வேண்டும். பழகிய தொழிலாளர்கள் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது.

நான்காம் வழி: வாயு செலுத்துவது

கெட்டியான பெயிண்டில் தின்னர் ஊற்றினால் என்ன ஆகும்? பெயிண்ட் இளகும். கரியமில வாயு எண்ணெய்க்குத் தின்னர் போல வேலை செய்யும். பாறைக்குள் அதிக அழுத்தத்தில் அது எண்ணெயில் கரையும். எண்ணெய் உப்பும், இளகும், நகரும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1972ஆம் ஆண்டு முதல் இதைச் செய்கிறார்கள். நம் நாட்டில் குஜராத்தில் கோயலி என்ற இடத்தில் சுத்திகரிப்பு ஆலை உண்டு. அதன் புகையில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துக் காந்தார் எண்ணெய் வயலில் செலுத்தலாம் என்று இந்தியன் ஆயிலும் ஓ.என்.ஜி.சி.யும் 2019ஆம் ஆண்டு ஒப்பந்தம் செய்தன.

ஆழமான பாறைக்கும் லேசான எண்ணெய்க்கும் இது ஏற்றது. ஆனால் வாயு பக்கத்தில் கிடைக்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் குழாயை அரிக்கும். கசிந்தால் ஆபத்து. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற ஊருக்கு அருகே இப்படி ஒரு குழாய் வெடித்தது. சுமார் 200 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

எது நல்லது?

நண்பர்களே, இப்போது நீங்கள் கேட்பீர்கள், இந்த நான்கில் எது நல்லது என்று.

ஊருக்கு ஊர் மண் வேறு. மண்ணுக்கு ஏற்ற விதை வேறு. கரிசலில் விளைவது மணலில் விளையாது. எண்ணெய்ப் பாறையும் அப்படித்தான்.

எண்ணெய் மிகவும் கெட்டியா? அப்படியானால் சூடு வேண்டும். ஆழம் குறைவா? நீராவி விடலாம். ஆழம் கூடுதலா? நெருப்பைப் பற்றி யோசிக்கலாம். எண்ணெய் நடுத்தரக் கெட்டியா, பாறையில் சூடு குறைவா? பாலிமர் விடலாம். எண்ணெய் லேசா, பாறை ஆழமா, வாயு அருகில் கிடைக்குமா? கரியமில வாயு விடலாம். சொட்டுச் சொட்டாக நிறைய எண்ணெய் ஒட்டியிருக்கிறதா, விலையும் நன்றாக இருக்கிறதா? சோப்பு முறையைச் சோதிக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய எளிய வேலைகளும் உண்டு. பழைய குழாயைப் பழுது பார்ப்பது. தண்ணீர் போகாத இடத்தில் புதுக் கிணறு போடுவது. மும்பை ஹை வயலைப் புதுப்பிக்கும் வேலையை இப்படித்தான் 2000க்குப் பிறகு செய்தார்கள். 2025 ஜனவரியில் பிரிட்டனின் பி.பி. நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணைக்கு ஓ.என்.ஜி.சி. தேர்ந்தெடுத்தது.

கணக்குப் பார்ப்போம்

ஒரு வயலில் 100 கோடி பீப்பாய் எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 100க்கு 1 பங்கு கூடுதலாக எடுத்தால் 1 கோடி பீப்பாய். கேட்க மிகப் பெரிதாக இருக்கிறது. ஆனால் இந்தியா ஒரு நாளைக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் செலவிடுகிறது. அந்த 1 கோடி பீப்பாய் இரண்டு நாளைக்குக்கூட முழுதாகப் போதாது. 10 பங்கு கூடுதலாக எடுத்தால் 20 நாளைக்குள் தீரும்.

ஆகவே இந்த வழிகளால் நம் கஷ்டம் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதனால் பயனே இல்லை என்று சொன்னாலும் நம்பாதீர்கள். கிணறு ஏற்கெனவே இருக்கிறது. குழாய் இருக்கிறது. வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் வெளிநாட்டுக்குக் கொடுக்கும் டாலர் மிச்சம். அதனால்தான் மத்திய அரசு 2018ஆம் ஆண்டு இத்தகைய முறைகளுக்குச் சலுகை தரும் கொள்கையை அறிவித்தது.

இன்னொன்றும் உண்டு. இன்று பாலிமர் விட்டால் நாளைக்கே எண்ணெய் வராது. மாதங்கள் ஆகும். வருடமும் ஆகலாம். அதற்குள் விலை மாறிவிடும். 2014ஆம் ஆண்டு நடுவில் ஒரு பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. தென்னை வைக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். இந்த வேலைக்கும் பொறுமை வேண்டும்.

எடுத்த எண்ணெயை எரித்தால் புகை வரும். பூமியின் சூடு கூடும். கரியமில வாயுவைப் பாறைக்குள் அடைப்பது நல்லதுதான். ஆனால் அதனால் கிடைக்கும் எண்ணெயும் பிறகு எரியத்தானே போகிறது? இரண்டையும் கழித்துப் பார்த்துத்தான் லாபம் நஷ்டம் சொல்ல வேண்டும். சூரிய ஒளி, காற்றாலை, பேருந்துப் பயணம் ஆகியவற்றை நாம் விட்டுவிட முடியாது.

நாம் என்ன கேட்க வேண்டும்?

எண்ணெய் எடுக்கும் ஊர்களில் நம்மைப் போன்ற மக்கள்தான் வாழ்கிறார்கள். அங்கே புதுமுறை வந்தால் அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

எந்தத் தண்ணீரை எடுக்கிறீர்கள்? குடிநீரையா, உப்பு நீரையா?

எண்ணெயோடு வரும் அழுக்கு நீர் எங்கே போகிறது? சுத்தம் செய்து மீண்டும் பாறைக்குள் விடுகிறீர்களா? ஓடையில் விடுகிறீர்களா?

வாயு கசிந்தால் ஊருக்கு எப்படித் தெரியும்? எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

கிணறு வற்றிய பிறகு அதைச் சரியாக மூடுவது யார்?

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஊராட்சிக் கூட்டத்தில் வைக்கும் அறிக்கையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த எழுத்து இப்போது உங்கள் கையில் இருக்கிறது. படியுங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தச் செங்கல் சோதனையை எல்லோரும் சேர்ந்து செய்து பார்ப்போம். ஒரு தராசும், ஒரு வாளித் தண்ணீரும், காய்ந்த செங்கல் ஒன்றும் கொண்டு வாருங்கள்.